பதினோரு மாதம்

வெர்சோவாவில்,
மட் தீவுக்குப் படகேறும் துறைக்குப் பின்னால் ஓரறை.
கடல் பார்த்த வீடு என்றான் தரகன்.
ஜன்னலைத் திறந்தால்
மூங்கிலில் காயும் பொம்பில் மீன்.
அதன் இடுக்கில்
ஒரு விரற்கடை கடல்.

அந்தேரியில் ஆறு வீட்டிலும் கேட்டார்கள்,
மீன் சமைப்பீர்களா?
சுனந்தா தாண்டேலும் அதையேதான் கேட்டாள்.
பொய் பழகிய வாய் முந்திக்கொண்டு
இல்லவே இல்லை என்றது.
"அப்புறம் இங்கே எதைத் தின்று கிடப்பாய்?"
நான் முழித்த முழியில்
வாடகை ஐந்நூறு குறைந்தது.

கட்டிலுக்கடியில் எட்டுச் செங்கல்,
முன்பு குடியிருந்தவன் விட்டுப்போனவை.
எறிந்துவிடாதே என்றாள்.
ஏன் என்று சொல்லவில்லை.

ஆடி அமாவாசை இரவு
செருப்பு மிதந்து உள்ளே வந்தது.
வீடு பார்க்க வந்த ஆள் போல
அறையைச் சுற்றிவிட்டு, சமையல் மேடைக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டு
விடியுமுன் போனது கடல்.
காலுக்கு இரண்டாய்ச் செங்கல் வைத்த
ஃபிரிட்ஜ் மட்டும் நனையவில்லை.

புது ஒப்பந்தத்தில்
அந்த ஐந்நூறு திரும்பி வந்திருக்கிறது.
கையெழுத்திட்டேன்.
தாளை இடுப்பில் செருகிக்கொண்டு
சுவரில் உப்புப் பூத்த கோட்டைச்
சாணால் அளந்தாள் சுனந்தா.
"இந்த வருஷம்
இன்னும் நாலு வாங்கிப் போடு."