இரண்டு காலில் நிற்கும் கொக்கு

புறக்கோட்டையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பொதியை
பஸ் நிலையத்துக்கு எதிரே, என் கடைக்குள் அவிழ்த்தபோது
நாற்பத்தெட்டுக் கடல்நீலச் சேட்டிலும்
நாற்பத்தெட்டுக் கொக்குகள்
இரண்டு காலையும் ஊன்றி நின்றன.

அசலில் ஒரு கால்தான்.
மற்றதை வயிற்றுக்குள் மடித்திருக்கும்.
அது தெரியாதவர் திருகோணமலையில் இல்லை.
கம்பஸ் பெடியன்கள் வந்தால்
துணியைத் தொடமாட்டார்கள், அளவு கேட்கமாட்டார்கள்,
கால் எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள்.

கொக்கின் சொந்தக்காரன் எந்த நாட்டில் இருக்கிறானோ.
அங்கே பனி கொட்டும் மாதங்களில்
கொக்கு நிற்கத் தண்ணீர் இருக்குமோ என்னவோ.

அன்றிரவு கடையைச் சாத்தி
ப்ளேட்டை இரண்டாக முறித்து
ஒவ்வொரு கொக்கிலும் ஒரு காலைப் பிரித்தேன்.
காலுக்குப் பதினேழு தையல்.
விடியும்போது என் மடியெல்லாம்
செம்மஞ்சள் கால்கள்.
சேட்டுக்கு அறுநூறு ரூபாய் கூடிற்று.
கழித்தால் கூடும் கணக்கை
எந்த வாத்தியாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

மூலையில் வேறொரு குவியல் கிடந்தது.
கொக்கே இல்லாதது,
கழுத்து லேபலை வெட்டி எடுத்தது,
உள்மடிப்பில் கறுப்பு மையால் கோடு இழுத்தது.
எது எடுத்தாலும் எழுநூறு என்று
அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.
அட்டையை மான் தின்றுவிட்டது.
எங்கள் ஊர் மான்கள் கடைத்தெருவில்தான் மேயும்.
விலையைத் தின்னும், சேட்டைத் தொடாது.

சம்பூர்ப் பக்கம் வீடு என்றாள் அவள்.
பில்லில் எழுதப் பெயர் கேட்டேன், தவயோகினி.
தம்பிக்கு ஒன்று வேணும்.
என் ஒற்றைக்கால் கொக்கை எடுத்தவள்
முன்பக்கம் பார்க்கவேயில்லை.
உள்ளைப் புறமாக்கி
அக்குள் தையலை நகத்தால் நெருடினாள்.
வைத்துவிட்டாள்.

குவியலுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி
ஒன்றை இழுத்தாள்.
கொலரின் கீழே
கட்டைவிரல் தானாகவே ஓர் இடத்தில் போய் நின்றது.

'அண்ணை, இதுதான் ஒரிஜினல்.
கட்டுநாயக்காவில ஆறு வருசம்
மணித்தியாலத்துக்கு எழுபது கொலர் வைச்சனான்.
இதில நூல் நிறம் ஒரு சொட்டு மாறிப்போச்சு,
கழிச்சுப்போட்டினம்.'

அப்ப கொக்கு?

'கொக்கு கடைசி லைன்ல.
எங்கட லைனைத் தாண்டும் மட்டும்
இதுக்குப் பேரே இல்லை.'

எழுநூறை எண்ணி வைத்தாள்.
எந்த ஊசிக்குத்தில் சேட்டு கொக்காகிறது என்று
கேட்க நினைத்தேன்.
மூதூர் பஸ் ஹோர்ன் அடித்தது, ஓடிவிட்டாள்.

இரண்டு கிழமை கழித்துக் கிண்ணியாவிலிருந்து
நிப்ராஸ் வந்தான், ஒரு தோய்ச்சலோடு.
காசைத் திருப்பித் தா என்று
ஒற்றைக்காலில் நின்றான்.
சேட்டைப் பிடித்து
வெயிலுக்கு நேரே உயர்த்திக் காட்டினான்.

பிரித்த இடத்தில் பதினேழு துளை.
ஒவ்வொன்றிலும் வெளிச்சம் புகுந்து
இல்லாத கால்
பளிச்சென்று ஊன்றி நின்றது.

நான் ஒன்றும் பேசவில்லை. காசைக் கொடுத்தேன்.

அந்தச் சேட்டை இப்போது நானே போடுகிறேன்.
நேற்று அதோடுதான்
உள்துறைமுகக் கரையால் வீட்டுக்கு நடந்தேன்.
சேற்றில் ஒரு கொக்கு.
பழக்க தோஷம், கால் எண்ணக் கிட்டப் போனேன்.
எழும்பிப் பறந்துவிட்டது,

இரண்டையும் பின்னால் நீட்டிக்கொண்டு.