சாட்சிக் கையெழுத்து

பேருந்து கீழ்ச்சாலையோடு நின்றுவிடும்.
அப்புறம் நூற்றெண்பது படி.
அப்ரூட்சோ மலையின் இந்த ஊரில்
சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி:
எப்போதோ நிலம் நடுங்கியபின்
வீட்டை வீட்டோடு சேர்த்துத்
தைத்துவைத்திருக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது
எண்ணூறு வருடத் தேவாலயம்.
சாவி ஞாயிறுதான் கிடைக்குமாம்.
வந்து சேர்ந்தது வியாழன்.

அன்றிரவு எர்சிலியா
கோழிச்சாறு ஊற்றினாள்.
கிழட்டுக் கோழி.
மூன்று மணி நேரம் கொதித்தும்
பல்லுக்கு வழிவிடவில்லை.

மறுநாள் இரவு
தகரம் உருளும் சத்தம்.
யாரோ குடித்துவிட்டுப் போகிறார்கள் என்று
போர்வையை இழுத்துக்கொண்டேன்.

விடிந்து பார்த்தால்
கோழிக்கூட்டின் கதவு கீலோடு தரையில்.
பேரிக்காய் மரத்தில் ஒரு கிளை முறிந்து தொங்குகிறது.
சந்தெல்லாம் இறகு.
எதிர்ச்சரிவில் காடு,
தனக்கொன்றும் தெரியாது என்பதுபோல்
மூடுபனிக்குள் நின்றது.

தேசியப் பூங்காவிலிருந்து லொரேத்தோ வந்தார்.
பச்சைச் சட்டை, அளவுநாடா, முத்திரை.
நகக்கீறலை அளந்தார்,
கைபேசியில் எதையோ தேடினார்.
"பதினேழாம் எண் கரடி."
"குட்டி மூன்றாம் அவளுக்கு" என்றாள் எர்சிலியா.
பாதி கோபம்.
மீதி, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப்
பேசும் குரல்.

இழப்பீட்டுப் படிவம்.
கோழிகள் எத்தனை?
"ஏழு."
லொரேத்தோ குனிந்து
தரையில் கிடந்த கால்களை எண்ணினார்.
பன்னிரண்டு.
"ஒன்றை முழுசாய் விழுங்கியிருக்கும்" என்றாள்,
கண் சிமிட்டாமல்.

கடைசிக் கட்டம்: சாட்சி.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
சிவபூசையில் புகுந்த கரடி
இப்போது நான்தான்.

புளுகினால் எங்கள் ஊரில்
'கரடி விடுகிறான்' என்பார்கள்.
இத்தாலிய மொழியில் இதை எப்படிச் சொல்வது?
சொல்லவில்லை.
கடைவாய்ப் பல்லிடுக்கில்
வியாழக்கிழமையின் நார் ஒன்று இன்னும் இருந்தது.
நாக்கு அதைத் தொட்டுத் தொட்டு மீண்டது.

ஏழுக்குக் கீழே
தமிழில் கையெழுத்துப் போட்டேன்.
லொரேத்தோ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதையும் அளக்க வேண்டுமோ" என்று
முத்திரை குத்தினார்.

சனிக்கிழமை மதியம்
என் தட்டுக்குப் பக்கத்தில்
முழங்கை நீளத்துக்கு ஒரு இரும்புச் சாவி.
அவளிடம்தான் இருந்திருக்கிறது.
யாரும் எதுவும் பேசவில்லை.

அன்றைக்கு வெறும் அவரைச்சாறு.
உப்பு சரியாக இருந்தது.