ஆயிரத்து நானூறு கிராம்

சமையலறைத் தராசில் வைத்தபோது
ஆயிரத்து நூற்று நாற்பது காட்டியது.
துணி மட்டும் தொள்ளாயிரம் என்று
பையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கிறது.
மிச்ச இருநூற்று நாற்பதும்
பந்தாய் கெராச்சுட்டில் பெய்த மழை.
அதையும் நான்தான் சுமந்து வந்திருக்கிறேன்,
தெலுக் பஹாங் வரை படகில்,
அங்கிருந்து நூற்றொன்றாம் பஸ்ஸில்,
ஈரம் மடியில் இறங்க இறங்க.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில்
எதுவும் லேசில் காய்வதில்லை.
பதினான்காம் மாடி, எதிரே கடல்,
வருகிற காற்றே பாதி தண்ணீர்.
சன்னலுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே
நைலான் கயிறு கட்டி
கூடாரத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன்.
வெயிலில் போட்டால் இற்றுவிடும்.
இஸ்திரியை நினைக்கவே கூடாது.
சலவை இயந்திரத்தில் போடலாமா என்று
கடைக்காரர் எங் ஹுவாட்டிடம் ஒருமுறை கேட்டேன்.
கையெடுத்துக் கும்பிட்டார்.

காற்றாடியை மூன்றில் வைத்துவிட்டு
நைட் ஷிப்டுக்குப் போனேன்.
திரும்பி வந்து கதவைத் திறந்தால்
வீட்டுக்குள் ஓர் ஆரஞ்சு வௌவால்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

கம்புகள் சசிதரனிடம்.
சுமையைப் பிரிக்கையில் எப்போதும் அப்படித்தான்,
துணி எனக்கு, எலும்பு அவனுக்கு.
கம்பு முந்நூற்று எண்பது, முளை நூற்றிருபது.
தன் பக்கம் நானூறு குறைகிறதென்று
அடுப்பையும் எடுத்துக்கொள்வான்.
கணக்கில் நியாயமானவன்.

அந்த இரவு
மேல்துணியை மழை அறைந்துகொண்டிருக்க
பெர்த்தில் வேலை கிடைத்ததைச் சொன்னான்.
பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டாயிற்றாம்.
நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில்,
கோபித்துக்கொண்டு வெளியேறவும்
முதலில் இரண்டு ஜிப் திறக்க வேண்டிய இடத்தில்
அதைச் சொன்னான்.
இரண்டாவது ஜிப் துணியைக் கடித்துக்கொண்டது.
அவன்தான் டார்ச் பிடித்தான்.

காலையில் ஈரத்தோடே சுருட்டினோம்.
ஜெட்டியில் இறங்கி ஃபெர்ரிக்கு நடந்தான்.
முதுகுப்பையின் பக்கவாட்டில்
கம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.
அவன் கவனிக்கவில்லை.
நான் கவனித்தேன்.

மூன்றாம் நாள்.
காய்ந்ததா என்பதை விரல் சொல்லாது.
குளிர்ச்சியையும் ஈரத்தையும் அது குழப்பிக்கொள்ளும்.
உதட்டால் தொட்டுப் பார்க்க வேண்டும்,
தையல் தையலாக.
எதிர் ப்ளாக்கில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்
என்று நம்புகிறேன்.

மடிக்கக் கூடாது.
ஒரே கோட்டில் மடித்துக்கொண்டே இருந்தால்
உள்பூச்சு அங்கேதான் வெடிக்கும்.
அள்ளி அள்ளித் திணிக்க வேண்டும்,
ஒவ்வொரு முறையும் வேறு விதமாகக் கசங்கும்படி.
அதுவும் அதனுடைய குட்டிப் பையில் இல்லை.
அது காட்டுக்குப் போகும்போது.
வீட்டில் தளர்வாக இருக்கட்டும்,
தலையணை உறை ஒன்று போதும்.

நீலப் பூப்போட்ட உறையில் இறக்கி
தராசில் வைத்தேன்.
உறையைக் கழித்தால் தொள்ளாயிரத்துப் பதினான்கு.
எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பதினான்கு.
மணலாக இருக்கும் என்று உதறினேன்.
அரை ஸ்பூன் விழுந்தது.
இன்னும் பதினொன்று மிச்சம்.

அடிமூலையில், தையலோரச் சிறு பைக்குள்
விரலுக்குத் தட்டுப்பட்டது
ஓர் அலுமினியக் குழாய். சுண்டுவிரல் நீளம்.
கம்பு முறிந்தால் முறிவின்மேல் நகர்த்தி
டேப் சுற்றுவதற்கு.
கம்புகளோடு இருக்க வேண்டியது.
துணியில் போட்டு வைத்தது நான்தான்,
எந்தப் பயணத்திலோ.

‘கம்பு என்கிட்டதான் இருக்கு. என்ன செய்ய?’
மூன்று நாளாக
நீல டிக்குகளோடு கிடக்கிறது அவன் செய்தி.

சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு
உறையை அலமாரியின் மேல்தட்டில்
எதுவும் அழுத்தாதபடி வைத்தேன்.
குழாய்க்கு மட்டும் ஓர் இடம் தோன்றவில்லை.
ஷிப்ட் பஸ் கீழே ஹாரன் அடித்தது.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பாயான் லெப்பாஸில்
தொழிற்சாலை வாசல் கருவி கூவியது.
காவலுக்கு இருந்த ஹலிமா அக்கா
உள்ளங்கையை நீட்டினார்.
இது என்ன?
கூடாரத்தோடது, என்றேன்.
குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.
சரி, கூடாரம் எங்கே?