நிற்பதற்கான காரணம்

செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு
வட்டம் சுற்றத் தொடங்கியது.
என் போன்தான் பிழை என்று நினைத்தேன்,
ஒரு மூலை வெடித்த போன்.
பிறகு எதிர் பிளட் ருஸ்னா கதவைத் தட்டி
"உங்களுக்கும் சுத்துதா?" என்றாள்.
கீழ்மாடி லஹிரு படியில் நின்று
அதையே சிங்களத்தில் கேட்டான்.
வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி முழுக்க
ஒரே கேள்வியைக் கேட்டது,
கனகாலத்துக்குப் பிறகு.

தடையைப் பற்றிய அறிவித்தல்
தடுத்த தளத்திலேதான் வந்ததாம்.
அதை வாசிக்கவும் வழி தேடவேண்டி இருந்தது.

ஊரடங்குக்கு இன்னும் ஒரு மணித்தியாலம்.
காலி வீதியில் பாணுக்கு ஒரு வரிசை,
ரிஃபாஸின் ரீலோட் கடையில் அதைவிட நீண்ட வரிசை.
போன் உறை வாங்க வந்தவர்கள் மாதிரி நின்றோம்.
அவன் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.
போனை வாங்கினான், பெருவிரலால் நாலு தட்டு,
"எந்த நாடு வேணும் அக்கா?"

எந்த நாடு வேணும்.
கொழும்பில் என்னை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.
கேட்டதெல்லாம் எந்த ஊர் என்று.

பொலிஸ் பதிவுத் தாளில் ஒரு கட்டம் இருந்தது:
கொழும்பில் நிற்பதற்கான காரணம்.
இரண்டு அங்குலக் கோடு.
அப்பா "வைத்தியம்" என்று எழுதுவார்
அவருக்கு ஒரு வருத்தமும் இல்லாத நாட்களிலும்.
நான் "வேலை" என்று எழுதினேன்.
ஆறு வருடம், ஒரே கணக்காளர் அலுவலகம், ஒரே மேசை,
ஒவ்வொரு முறையும் நேற்று வந்து இறங்கியவள்.

"இலவசம் எது?"
"றுமேனியா. கொஞ்சம் ஸ்லோ."
நூறு ரூபாய் கொடுத்து
இலவசமான நாட்டை வாங்கிக்கொண்டு
ஊரடங்குக்கு முன் வீடு வந்தேன்.

ஏழு வினாடி.
ஒரு சின்னச் சாவிப் படம்.
நான் புக்கரெஸ்டில் இருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே மரீன் டிரைவ்,
தண்டவாளத்துக்கு அங்கால் அதே கடல்.
போனுக்குள் பனிச் சப்பாத்து,
வாசிக்கத் தெரியாத மொழியில், பாதி விலைக்கு.

அந்த நாட்டு எல்லையைத்தான் அண்ணா
ஒரு மரக்கறி லொறியில் கடந்தவன்.
பதினொரு மணித்தியாலம்.
அதைப்பற்றி ஒரேயொரு முறை சொன்னான்:
கோவா வாசம் இன்னும் பிடிக்காதாம்.
அன்று இரவு "எங்க நிக்கிறாய்?" என்று எழுதினான்.
"றுமேனியாவில" என்றேன், பகிடிக்கு.
கனநேரம் அவன் எழுதுகிறான் என்று காட்டியது,
நின்றது, திரும்பக் காட்டியது.
பிறகு ஒரு வரி:
"பாத்து. அங்க குளிர்."

ருஸ்னாவின் போனுக்கு ஒரு படம் வந்தது.
கடை ஒன்று எரிகிறது.
அவளுடைய மாமாவின் கடையும் அப்படித்தான்,
பச்சைத் தகரம், இரண்டு படி.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
பெயர்ப்பலகை உடைந்து சதுரங்களானது.
லஹிரு மெழுகுதிரியோடு ஏறி வந்தான், கரண்டும் இல்லை,
சதுரங்களைக் கூட்டிக் கூட்டி வாசித்தான்.
வேறு ஊர். வேறு வருடம்.
ருஸ்னா தரையில் இருந்துவிட்டாள்.
மாமாவின் குரல் விடியற்புறம் மூன்றுக்குத்தான் வந்தது,
நெதர்லாந்து வழியாக, அரைகுறையாக.

பொய்யை நிறுத்தத்தான் பூட்டு என்றார்கள்.
பொய் ஒருநாளும் ரிஃபாஸின் வரிசையில் நின்றதை
நான் காணவில்லை.

வெள்ளிக்கிழமை வட்டம் சுற்றுவதை விட்டது.
அதை ஒருவரும் அறிவிக்கவில்லை.
நான் சாவியை அணைக்க மறந்துபோனேன்.
திங்கள் காலை வங்கியிலிருந்து ஒரு பெடியன்:
"மிஸ், நீங்க இப்ப வெளிநாட்டிலயா?
கணக்கை நிப்பாட்டி வச்சிருக்கு."
"இல்லை. வெள்ளவத்தையில நிக்கிறன்."
பிறந்த திகதி கேட்டான். சொன்னேன்.
அடுத்த கேள்விக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு
வைத்தியம், வேலை இரண்டையும்
நாக்கில் வைத்திருந்தேன்.

"சரி மிஸ்" என்று வைத்துவிட்டான்.

பனிச் சப்பாத்து இன்னும் வருகிறது.
இப்போது கால் விலை.