கோலில் எண் கூடினால்

தொப்பூர் கணவாய், காலை ஏழரை.
நான்கு மீட்டர் அலுமினியக் கோலை
நிமிர்த்திப் பிடிப்பது என் வேலை.
நாள்கூலி அறுநூறு, மதியச் சாப்பாடு தனி.

கோலின் முதுகில் ஒரு குமிழி.
அது நடுவட்டத்தில் நிற்கும்வரை
மூச்சைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன்.
அறுபது தப்படி தள்ளி முக்காலியில் குனிந்து
ஒற்றைக் கண்ணால் எண்ணைப் படிப்பார்
நஸ்ரீன் மேடம்.

முதல் வாரம் தப்பாகவே நினைத்திருந்தேன்,
எண் கூடினால் மேடு என்று.
இல்லை. கூடக்கூடப் பள்ளம்.
கோல் எவ்வளவு இறங்கி நிற்கிறதோ
அவ்வளவு பெரிய எண் விழுமாம் கண்ணாடியில்.

கேட்டதும் சிரித்துவிட்டேன்.
தர்மபுரி ஆயுதப்படை மைதானத்தில்
சுவரோடு முதுகை ஒட்டி நின்றவள் நான்.
தலையில் பலகையை அழுத்திய அம்மா
"ஒரு சென்டிமீட்டர் பத்தலை, அடுத்த ஆள்" என்றார்.
சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை
பக்கத்திலேயே இருந்தது.
அதில் கால் வைக்க விடவில்லை.

டீக்கடையில், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஏற்றிவந்த
வெங்கடகிரி அண்ணன் சொல்கிறார்:
"உயரம் ஏறறப்ப தெரியாது தங்கச்சி.
இறங்கறப்ப, லைனிங் கருகுற நாத்தத்துல தெரியும்."
கூட வந்த போச்சம்பள்ளிக்காரருக்கோ
மரம் கைக்கெட்ட வேண்டும், அவ்வளவுதான்.
எட்டாததை வெட்டிவிடுவாராம்.

மேடம் டீ சிந்திய மேசையில் விரலால்
ஒரு விரிகோண முக்கோணம் இழுத்தார்.
உச்சியிலிருந்து குத்துக்கோடு இறங்கியது.
அது முக்கோணத்துக்கு வெளியே போய் விழுந்தது.
"அடிப்பக்கத்தை நீட்டித்தான் பிடிக்கணும்.
இதோட உயரம் இதுக்குள்ள இல்ல."
பையன் வந்து துணியால் துடைத்துவிட்டான்.

எங்கள் கணக்கெல்லாம் கடைசியில்
கடல் மட்டத்தில் போய் நிற்கிறது.
நான் கடல் பார்த்ததில்லை.
ஒகேனக்கல்லில் முழங்கால்வரை இறங்கியதோடு சரி.
என்றாலும் தினமும் மாலை
நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்து
இந்தத் தார்ச்சாலை அதற்கு எவ்வளவு மேலே என்று
எழுதி முடித்த பிறகுதான் வீட்டுக்கு விடுகிறார்கள்.

இரட்டைப் பாலத்துக்குக் கீழ்வளைவு.
தடுப்புச்சுவரில் நீளமாகச் சிராய்ப்பு.
காய்ந்த மாலை. யாரும் எடுக்காத ஒற்றைச் செருப்பு.
அதை மிதிக்காமல் கோலை ஊன்றினேன்.
டேங்கர் ஒன்று காற்றால் அறைந்துவிட்டுப் போக
குமிழி விளிம்புக்கு ஓடித் திரும்பி வந்தது.

"மூணு தொண்ணூத்தேழு!" என்று மேடம் கத்தினார்.
இன்றைக்கு விழுந்ததில் பெரிய எண்.
போதும், நகரு என்று கையசைத்தார்.

இன்னும் கொஞ்சம் நின்றேன்,
கோலைச் சாய்க்காமல்.