துண்டுக்குள்

ஞாயிறு. போச்சம்பள்ளிச் சந்தை.
சிமென்ட் கட்டையில் சாய்ந்தபடியே
அண்ணன் திம்மராயன் தரகு பேசுகிறான்.
பேசுகிறான் என்பது தவறு.
மத்தூர்க்காரர் கையை இழுத்து
மேலே துண்டைப் போர்த்துகிறான்.
உள்ளே விரல்கள்.
பக்கத்தில் அசைபோடும் எருதுக்கும் தெரியாது
அதன் விலை.

மூன்று வருடமாக நான்
ஓர் ஆர்என்ஏவின் பின்னால் அலைகிறேன்.
பெயர் கிடையாது, எண்தான்.
மரபணுவிலிருந்து பிரதியாகும், புரதமாகாது.
அது பிறக்கும் இடத்தைக்
குப்பை என்றுதான் முதலில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

புற்றுச் செல்லுக்குள் அதன் வேலையைப் பாருங்கள்.
சர்க்கரைக் கதவை அடைக்கச் சொல்லி வரும்
குட்டி ஆர்என்ஏக்களை
வழியிலேயே கைபிடித்து நிறுத்திக்கொள்ளும்.
சேதி போய்ச் சேராது.
கதவு திறந்தே கிடக்கும்.
காற்று தாராளமாய் இருந்தும்
செல் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கும்,
புளிப்பை வெளியே கொட்டும்,
இன்னும் கொண்டா என்னும்.
ஒரு சொல் இல்லை.
விலை படிந்துவிட்டது.

பெங்களூரில் அண்ணனைப் பட்டினி போட்டு
ஊசியில் கதிர்ச் சர்க்கரை ஏற்றிப் படம் எடுத்தார்கள்.
மூளை ஒளிர்ந்தது, அது வழக்கம்.
கல்லீரலின் ஓரம் ஒளிர்ந்தது.

அன்றே அண்ணி
சர்க்கரை டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.
டீயில் போடாவிட்டால் களியிலிருந்து எடுக்கும்,
களி இறங்காவிட்டால்
அவன் தோளிலிருந்து எடுக்கும் என்று
அவளிடம் நான் சொல்லவில்லை.
சட்டை வாராவாரம் பெரிதாகிறது.

என் எண் அவன் கட்டிக்குள் இருக்கிறதா?
தெரியாது.
நான் பார்த்ததெல்லாம் கண்ணாடித் தட்டில்,
யாரோ ஒருத்தியின் செல்கள்.
எப்போதோ இறந்துபோனவள்.
அவள் ஊர்கூடத் தெரியாது.

எருது கைமாறியது.
தாள்களை எச்சில் தொட்டு எண்ணி மடித்துவிட்டு
"நீ படிக்கிறது என்னதான் பண்ணுது புள்ள?" என்றான்.
நான் துண்டைக் காட்டினேன்.
சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
பிறகு என் கையை உள்ளே இழுத்து
மூன்று விரலை அழுத்தினான்.

மூவாயிரமா முப்பதாயிரமா என்பது
விரலில் இருக்காது,
மாட்டைப் பார்த்தால் தெரியும் என்பார்கள்.

நான் அவனைப் பார்த்தேன்.