முடிவு பேசி வைத்தது

பொய்தானே என்கிறார்கள்.
ஆமாம். முடிவு பேசி வைத்ததுதான்.
பலகையிடம்தான் யாரும் பேசி வைக்கவில்லை.
இரும்புச் சட்டம், அதன்மேல் ஒட்டுப்பலகை,
அதன்மேல் விரல் தடிமனில் ஒரு நுரைமெத்தை,
அதன்மேல் நான்.

செகாம்புட்டில் ஒரு பூப்பந்து மண்டபம்.
மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் அது கோதா.
அறுபது நாற்காலி போட்டால் நாற்பது நிறையும்.
மழை வந்தால் கூரையும் கைதட்டும்.

வார நாளில் பெரிய ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விரிப்பு மடிக்கிறேன்.
உடை மாற்றும்போது என் முதுகைப் பார்த்துவிட்ட காக் ரொஹானா
கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்:
வீட்டில் யார் அடிக்கிறார்கள்?
வீட்டில் இல்லை காக், மெய் ஷுவான் என்றொரு பெண்,
நல்லவள்,
அடித்து முடித்ததும் ஐஸ் வாங்கித் தருவாள் என்றேன்.
அவர் இன்னும் நம்பவில்லை.

முதல் மூன்று வருடம் என் பெயர் பாலிவுட் பிரின்சஸ்.
முதலாளி வைத்தது.
இந்திப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டு வரவேண்டும்.
எனக்கு இந்தி தெரியாது.
அது அவருக்குத் தெரியாது.
பொட்டைப் பெரிதாக வை என்பார்,
இன்னும் பெரிதாக, பின்வரிசைக்குத் தெரியணும்.
வியர்வையில் அது
மெய் ஷுவான் தோளில் ஒட்டிக்கொள்ளும்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும்,
முறைத்துக்கொள்வோம்.

என் பெயரிலேயே வருகிறேன் என்று
பத்தொன்பது முறை கேட்டேன்.
இருபதாவது முறை அவருக்குப் பல்வலி,
சரி போ என்றார்.
செந்தூலில் உறுமி அடிக்கும் தம்பி
போனில் பதிந்து கொடுத்தான்.
முதல் நாளே ஒலிபெருக்கி ஒன்று செத்துப்போனது.
சம்பளத்தில் பிடித்தார்கள், முப்பது வெள்ளி.
அறிவிப்பாளர் இன்றைக்கும் என்னை லோசினா என்கிறார்.
லோ, ஷி, னி.
மூன்று எண்ணத் தெரிந்த இடத்தில்
மூன்று எழுத்து வரவில்லை.

விழுவதும் வேலைதான்.
நாடியை நெஞ்சில் புதை. மூச்சை முன்னாலேயே விடு.
உள்ளங்கை இரண்டும் ஒரே சமயம் பலகையில் அறையட்டும்,
வலியை உடம்பெங்கும் பங்கு பிரித்துக் கொடு.
நடுவர் ஹஃபிசுல் குனிந்து, திட்டுவதுபோல் திட்டி,
என் சுண்டுவிரலைப் பிடிப்பார்.
திருப்பி அழுத்தினால்
இருக்கிறேன் என்று பொருள்.

முப்பத்தெட்டாவது தோல்வி போன மாதம்.
கயிற்றின் மேலிருந்து மெய் ஷுவான் குதித்தாள்,
கூரைவிளக்கு மறைந்தது,
பலகை வந்தது.
ஒன்று.
பாங்குன், பாங்குன் என்றது ஒரு பக்கம்.
ச்சிலாய் என்று மெய் ஷுவானின் சித்தியே கட்சி மாறினாள்.
இரண்டு.
மூன்றாம் வரிசையிலிருந்து கீச்சுக் குரலில் ஒரு தமிழ்:
ஏய் அக்கா, எழும்பு!

ஆறு வருடத்தில் அந்த மண்டபத்தில்
என்னைப் பார்த்து வந்த முதல் தமிழ்.
தோள் தானாகக் கிளம்பியது, அரை அங்குலம்.
மேலே கிடக்கிறவளுக்கு இது முதல் பட்டம்.
அவள் அம்மா ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள்.
தோளைத் திரும்ப வைத்தேன்.
அத்தனை கனமாக எதையும் இறக்கி வைத்ததில்லை.
மூன்று.
ஹஃபிசுல் விரலைப் பிடித்தார். அழுத்த மறந்துவிட்டேன்.
பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

கோதாவைக் கழற்றுவதும் நாங்கள்தான்.
அவள் லாரிக்காரர் செல்வேந்திரனின் மகளாம், எட்டு வயசு,
வீட்டில் விட ஆளில்லாமல் கூட்டி வந்தாராம்.
பலகை தூக்கிப் போன என்னை மறித்து
ஏன் எழும்பல? என்றாள்.
பேசி வைத்தது என்று சொல்லியிருக்கலாம்.
வாய் வரவில்லை.
அடுத்த மாசம் என்றேன்.
போங்கக்கா, என்று லாரியில் ஏறிக்கொண்டாள்.
கை காட்டவில்லை.

அடுத்த மாதத் தாளும் வந்துவிட்டது.
முப்பத்தொன்பது.
தோற்பதற்கு முன்னால்
இரண்டே முக்காலில் ஒரு தரம் எழும்பிக்கொள்ளட்டுமா
என்று மெய் ஷுவானிடம் கேட்டேன்.
மைலோ ஐஸை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள்.
ரெண்டு தரம் எழும்பேன், என்றாள்,
நானும் பயந்த மாதிரி இருக்கும்.